பல்லுக்கு எந்தத் தூரிகை?

சில ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பறையிலே நாம் செய்த பிழை ஒன்றைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. எட்டாந் தரத்திலே கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன், விடை சொல்ல எழும்போதெல்லாம் இடக் கையினால் வாயை மறைத்துக் கொண்டே பேசுவான். சொல் தெளிவாகக் கேட்பதில்லை. ஒரு நாள் கையை எடுத்துவிட்டுப் பேசுமாறு பணித்தோம். எடுத்தான். மேல்வரிசை முன்பற்களிலே பழுப்பு நிறத்திற் கோடுகளும் திட்டுக்களும் தெரிந்தன. நாம் சற்றும் சிந்தியாமல், "நாளைக்குப் பல்லை விளக்கிக் கொண்டு வா" என்று சொல்லிவிட்டோம். வகுப்புச் சிரித்தது. மறுநாள் பையன் வரவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய தாயார் வந்தார்.

"சேர், இவன் பல்லு விளக்காமல் பள்ளிக்கூடம் வாறேல்லை. ஒரு நாளைக்கு மூண்டு தரம் விளக்குறான். கடையிலை கேட்டு நல்ல வயிரமான புறஸ் பாத்துத்தான் வாங்கிக் குடுத்தனான். ரத்தம் வருமட்டும் தேய்க்கிறான். செங்கட்டித் தூளும் போட்டுப் பாத்திட்டான். இந்தக் கறை மட்டும் போகுதில்லை. எந்தப் புறஸ் வாங்கினால் போகும் சேர்?"

அம்மையாரின் குரலிலே கோபம் இல்லை. அதுவே நம்மை மிகவும் வருத்திற்று. விஞ்ஞானத்திலே பட்டம் பெற்று, ஆண்டுதோறும் பல்லின் படத்தைக் கரும்பலகையிலே கீறி மிளிரி, மச்சை என்று பகுதிகளுக்குப் பெயர் எழுதி வந்த நமக்கு, அவர் கேட்ட கேள்விக்கு விடை தெரியவில்லை. அன்று தொடங்கிப் படித்தும், கேட்டும், நம் வாயிலேயே பரீட்சித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றோம். விடை சற்றுப் பிந்திவிட்டதென்பது உண்மையே.

கிணறு எழுதிய எழுத்து

முதலிற் பையனுடைய கறையைப் பார்த்துவிடுவோம். பல்லின்மேல் உண்டாகும் நிறமாற்றங்கள் எல்லாம் ஓரினத்தவை அல்ல. வெற்றிலை, தேயிலை, புகையிலை ஆகியவற்றின் கறை வெளியிலிருந்து வந்து ஒட்டுவது. பல்லின் மிளிரிக்குள்ளேயே இருக்கும் நிறமோ வேறொன்று. அது வெளியிலிருந்து ஒட்டியதன்று. பல் வெளியே வருமுன்னரே உண்டானது. வன்னியின் தென்பகுதியிலும், சிறப்பாக வவுனியா மாவட்டத்திலும், நிலத்தின் கீழே மிகப் பழைய படிகப் பாறைகள் கிடக்கின்றன. அப்பாறைகளின் கனிப்பொருள்களிலிருந்து புளோரைட்டு என்னும் உப்பு நிலத்தடி நீரிலே கரைகிறது. மழை குறைந்து வெயில் மிகுந்த வறண்ட வலயத்தில் அது மேலும் செறிவடைகிறது. ஆழத்திலிருந்து நீரெடுக்கும் குழாய்க் கிணறுகளிலேதான் இத்தொல்லை பெரும்பாலும் மிகுதி. ஒரு வளவுக் கிணற்றில் அளவு மிஞ்சியிருக்க, அடுத்த வளவுக் கிணற்றில் அளவோடு இருப்பதும் உண்டு.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வெப்ப நாடுகளில் மக்கள் அதிகம் நீர் பருகுவதனால் அவ்வெல்லை நமக்குப் பொருந்தாது, இன்னும் தாழ்வாக வேண்டும் என்று பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பூகற்பவியற் பேராசிரியர் சி. பி. திசாநாயக்க போன்றோர் பலகாலம் எழுதி வந்தனர். குழந்தை தவழும் வயது தொடங்கி ஏழெட்டு வயதுவரை, நிரந்தரப் பற்கள் தாடைக்குள்ளே மறைவாக உருவாகிக்கொண்டிருக்கின்றன. அக்காலத்திலே மிதமிஞ்சிய புளோரைட்டுள்ள நீரைப் பருகிய குழந்தையின் பல், வெண்ணிறச் சுண்ணாம்புத் திட்டுக்களோடு முளைக்கிறது. அத்திட்டுக்கள் பின்னர் பழுப்பேறுகின்றன. அம்மையாரை விசாரித்தபோது, வவுனியாவின் உட்கிராமமொன்றிலே அவருடைய தாய்வீட்டுக் குழாய்க் கிணற்று நீரைத்தான் பையன் ஆறு வயதுவரை குடித்து வளர்ந்தான் என்பது தெரிய வந்தது.

ஆகவே, பையன் எந்தத் தூரிகையைக் கொண்டு எத்தனை முறை தேய்த்தாலும் அக்கறை போகாது. போவது முரசுதான். செங்கட்டித் தூளும் மணலும் மிளிரியையே அராவிவிடும். அவனுக்கு வேண்டியிருந்தது தூரிகை அன்று; பல்வைத்தியர். திட்டுக்களின் தோற்றத்தைக் குறைப்பதற்கு அவரிடத்தில் வழிகள் உண்டு. குற்றம் கிணற்றினுடையது, தண்டனை பையனுக்கு. அத்தண்டனையை விதித்தவர்களுள் நாமும் ஒருவரானோம்.

தூரிகை நீக்குவது எதை?

அப்படியாயின் தூரிகையின் வேலை என்ன என்ற கேள்வி எழுகின்றது. நம்மிற் பலர் நினைப்பதுபோல உணவுத் துணுக்குகளை அகற்றுவது அதன் முதல் வேலை அன்று; அதனை வாய் கொப்பளித்தே பெரும்பாலும் செய்துவிடலாம். தூரிகைக்கு உரிய பகைவன் பற்படலம்; 'பிளாக்' என்று வைத்தியர்கள் வழங்குவதும் இதுவே. பல்லை நன்றாகத் துலக்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே உமிழ்நீரிலுள்ள புரதம் பல்லின்மேல் மெல்லிய தோலாகப் படிகின்றது. சில மணி நேரத்திலே அதன்மேல் பற்றீரியாக்கள் குடியேறித் தமக்குள் பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து, கூட்டமாக ஒட்டிக்கொள்கின்றன. காலையில் எழுந்தவுடன் நாவினாற் பல்லைத் தடவினால் வழுவழுப்பாக ஒன்று தட்டுப்படுகிறதல்லவா, அதுதான். எவ்வளவு நீர் கொண்டு கொப்பளித்தாலும் அது கழன்று போகாது. உராய்ந்துதான் எடுக்க வேண்டும். எடுக்காது விட்டால் உமிழ்நீரிலுள்ள கல்சியம் படிந்து சில நாட்களிலே காரையாக இறுகத் தொடங்கும். இறுகிய பற்காரையை உலகத்திலுள்ள எந்தத் தூரிகையாலும் அகற்ற முடியாது. வைத்தியர் கருவி கொண்டு சுரண்டியே எடுக்க வேண்டும்.

இப்படலத்தினால் முரசுக்கு என்ன தீங்கு நேரும் என்பதைத் திட்டமாகக் காட்டிய பரிசோதனை 1965இல் வெளியாயிற்று. ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டறிஞர் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்துப் பல்மருத்துவக் கல்லூரியில் இருந்தபோது பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்தார். பெரும்பாலோர் பல்மருத்துவ மாணவர்கள். முரசு நோயின்றி இருந்த அவர்கள் எல்லோரும் பல் துலக்குவதை முற்றாக நிறுத்திவிட வேண்டும் என்பதே நிபந்தனை. பத்து நாட்களிலிருந்து மூன்று வாரங்களுக்குள் ஒருவர் தப்பாமல் எல்லோருக்கும் முரசு சிவந்து வீங்கிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முரசு பழைய நிலைக்குத் திரும்பிற்று. நோய்க்குக் காரணம் எது, மருந்து எது என்பது இரண்டும் ஒரே பரிசோதனையில் வெளியாகிவிட்டன.

தேயிலைத் தோட்டத்திலே பதினைந்து ஆண்டுகள்

இவ்வறிஞரை நமது வாசகர்களுக்கு அறிமுகம் செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்று வாரம் துலக்காவிட்டால் முரசு வீங்கும் என்பது தெரிந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் துலக்காவிட்டால்? அதனை ஐரோப்பாவிலே பார்க்க வழியில்லை. 1969இல் ஒஸ்லோ நகரத்திலே மாணவரும் கல்வித் துறையினருமாகிய 565 பேரின் முரசை அளக்கத் தொடங்கினார். அவர்கள் சிறு வயது முதற்கொண்டு தூரிகையும் வைத்தியரும் அறிந்தவர்கள். அடுத்த ஆண்டு, 1970இல், அவர் தமது குழுவினருடன் நமது மலைநாட்டுக்கு வந்தார். இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்கள் பரிசோதிக்கப்பட்டனர். எல்லோரும் தமிழ்த் தொழிலாளர்; பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவர் முதல் முப்பது வயதினர் வரை. உடல்நலம் பொதுவாகக் குறைவில்லை. ஆனால் பல் தூரிகையை அவர்கள் அறியார், பல்வைத்தியரையும் அறியார்.

1985 வரையிலும் அவர்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தனர். நாற்பது வயதை அணுகும்போது, பல்லைப் பிடித்து நிற்கும் திசு ஒஸ்லோவினரிடத்துச் சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றர் அளவே இறங்கியிருந்தது. தோட்டத்தவரிடத்து நாலரை மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. பற்சொத்தை அவர்களிடம் அனேகமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல் விழுந்தது சொத்தையினால் அன்று, அத்திவாரம் கரைந்ததனால்.

எனினும் அவர்கள் எல்லோருக்கும் ஒரே கதி நேரவில்லை. நூற்றுக்கு எட்டுப் பேரிடத்து நோய் காட்டுத்தீப்போலப் பரவிற்று. நாற்பத்தைந்து வயதுக்குள் அவர்களிடம் பல்லே மிஞ்சவில்லை. எண்பத்தொரு பேரிடத்து மெதுவாக முன்னேறிற்று. அவ்வயதில் அவர்கள் ஏழு பற்கள் அளவில் இழந்திருந்தனர். மீதிப் பதினொரு பேரிடத்தோ முரசு வீங்கியதற்கு மேல் நோய் செல்லவேயில்லை. எல்லோருடைய வாயிலும் பற்படலமும் காரையும் இருந்தன. தூரிகை எடாத பாட்டனார் எண்பது வயதிலும் கரும்பு கடித்தார் என்று வாதிடுவோர் நமது ஊர்களிலே பலர். அவர்கள் சொல்வது பொய்யன்று. அப்பாட்டனார் அந்தப் பதினொருவருள் ஒருவர். நம் வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதைப் பதினான்கு வயதிலே வாயைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

2010ஆம் ஆண்டிலே அவர்களுள் 75 பேரைத் தேடிக் கண்டு மீண்டும் ஒரு முறை பரிசோதித்தனர். உலகெங்கும் பல்மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடநூல்களிலே இத்தொழிலாளரின் முரசு மில்லிமீற்றர் மில்லிமீற்றராகப் பதிவாகியிருக்கிறது. நோர்வேயிலே தூரிகையோடு வாழ்ந்தோரையும் மலையகத்திலே தூரிகையின்றி வாழ்ந்தோரையும் ஒரே கோலால் அளந்தபோது எழுந்த அறிவு இது. அந்த அளவுகோலின் நமது பக்கத்து முனையிலே நின்றவர்கள் யாவர் என்பதை நமது பிள்ளைகளும் அறிந்திருப்பது நல்லது.

தூரிகைகளின் போட்டி

தூரிகை வேண்டும் என்பது முடிந்த முடிபு. இனி எந்தத் தூரிகை?

கடையிலே தொங்கும் அட்டைகளைப் பார்த்தால் தலை சுற்றுகின்றது. தட்டையாக வெட்டிய இழைகள், ஏற்றத்தாழ்வாக வெட்டிய இழைகள், ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து நிற்பவை, நடுவிலே இறப்பர்க் கிண்ணம் வைத்தவை, பின்புறத்தால் நாவையும் வழிப்பவை, கரி பூசிய கறுப்பு இழைகள் என எத்தனையோ வகை. விலையும் அவ்வாறே ஏறிச் செல்கின்றது. ஒரு காலத்திலே தூரிகைக்குப் பன்றி மயிரே இழை. 1780 அளவில் இங்கிலாந்திலே வில்லியம் அடிஸ் என்பவர் எலும்புக் கைபிடியில் மயிர் பொருத்தி விற்கத் தொடங்கினார். சீனர் அதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்வித தூரிகையைக் கையாண்டிருந்தனர். 1938இல் அமெரிக்காவிலே நைலோன் இழை வந்தபின்தான் மயிருக்கு விடுதலை கிடைத்தது. சைவ ஆசாரம் மிகுந்த குடும்பங்களுக்கு இந்த இரசாயனவியலாளர்கள் செய்த உபகாரம் சிறிதன்று.

நைலோன் இழையை எவ்வளவு தடிப்பாக்குவது என்பதைச் சிந்தித்தவருள் முக்கியமானவர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து வைத்தியர் சார்ல்ஸ் பாஸ். 1875இல் பிறந்து 1975 வரை வாழ்ந்தவர். மருத்துவக் கல்லூரி அதிபர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் பல்லைப் பற்றி ஆராய்ந்தார். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஏழு பங்கு தடிப்புள்ள மெல்லிய இழை, அதன் நுனி கூராக வெட்டப்படாமல் உருண்டையாகத் தேய்க்கப்பட்டிருத்தல், இழைகளைப் பல்லும் முரசும் சந்திக்கும் ஓரத்திலே சாய்வாக வைத்துச் சிறிதாக அசைத்தல் ஆகியவை அவர் 1940களின் இறுதியிலே வற்புறுத்தியவை. இன்றைக்கும் வைத்தியர்கள் கற்பிக்கும் முறைக்கு மூலம் அதுவே.

அவருக்குப் பின் நூற்றுக்கணக்கான ஒப்பீட்டுப் பரிசோதனைகள் நடந்துவிட்டன. ஒரு வகைத் தூரிகையால் துலக்குமுன் பற்படலத்துக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி அளப்பர். துலக்கியபின் மீண்டும் அளப்பர். அவ்வாறான 59 கட்டுரைகளை ஒன்றாக்கி, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் அளவுகளை ஆம்ஸ்ரடாம் நகர ஆய்வாளர்கள் 2012இல் தொகுத்து வெளியிட்டனர். கைத்தூரிகையினால் ஒரு முறை துலக்கும்போது பற்படலத்தின் அளவு சராசரியாக 42 வீதமே குறைகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதாவது, துலக்கி முடித்தோம் என்று நாம் முகம் துடைக்கும்போது படலத்திற் பாதிக்கு மேல் வாயிலேயே இருக்கின்றது! வகைகளுக்கிடையே வேறுபாடு இல்லாமல் இல்லை. இழைகள் குறுக்காகச் சாய்ந்து நிற்பவை தட்டை வெட்டுத் தூரிகைகளைவிடச் சற்று முந்தி நின்றன. ஆனால் அதே ஆய்விலே மற்றுமொரு கணக்கு இருக்கின்றது. ஒரு நிமிடம் துலக்கினோரிடத்து 27 வீதம் நீங்கிய படலம், இரண்டு நிமிடம் துலக்கினோரிடத்து 41 வீதம் நீங்கிற்று. தூரிகையை மாற்றாமலே, இன்னும் ஒரு நிமிடத்தினால் மட்டும் பெறக்கூடிய ஆதாயம் இது. கடைக்காரர் அதனை அட்டையிலே தொங்கவிட முடியாது.

மின்னினால் இயங்கும் தூரிகைகள் கைத்தூரிகையிலும் ஓரளவு மேலானவை என்று 2014இல் வெளியான பெரியதோர் ஆய்வுத் தொகுப்புக் கூறுகின்றது. கை நடுங்கும் முதியோருக்கும் விரல் வழங்காதோருக்கும் அவை பெருந்துணை. விலையை எண்ணி அதனை இவ்வளவில் விடுகின்றோம்.

வேப்பங்குச்சியின் பங்கு

வன்னியிலே வளர்ந்த எவரும் குச்சியைப் பற்றிக் கேளாமல் விடமாட்டார். ஆலையும் வேலையும் பல்லோடு சேர்த்துச் சொல்லும் பழமொழி நமக்கெல்லாம் பாடம். அதில் வருகின்ற வேல் வேலமரம். வேம்பு என்று எண்ணுவோர் பலர். வேம்பும் குறைந்ததன்று, நாயுருவி வேரும் நம் பக்கத்தில் வழக்கத்தில் இருந்தது. 1990களிலே வன்னிக்குப் பொருள்கள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், கடையிற் பற்பசை இல்லாத நாட்களில், உமிக்கரியும் வேப்பங்குச்சியுமே நமது வீட்டுக்கும் கைகொடுத்தன. உமிக்கரியை நன்றாக அரித்து எடுக்காவிட்டால் பல் கூசும். அக்கூச்சம் மிளிரி தேய்வதன் அறிகுறி என்பதை அன்று அறியோம்.

குச்சியின் நுனியை மென்று தூரிகைபோலாக்கித் துலக்குவது வெறும் மூடப்பழக்கம் அன்று. அராபிய நாடுகளில் மிஸ்வாக் என்று வழங்குவதும், சங்கத் தமிழில் உகாய் என்று பெயர் பெற்றதுமான மரத்தின் குச்சியை வைத்துச் சூடானிலும் சவூதி அரேபியாவிலும் ஆய்வுகள் நடந்தன. முறையாகப் பயன்படுத்தக் கற்றோரிடத்து அது தூரிகைக்குச் சமமாகவும் சில வேளை மேலாகவும் இருந்ததாக அவற்றுட் சில காட்டின. வழக்கம் உள்ள நாடுகளில் குச்சியை ஊக்குவிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 1980களிலே கூறியது. குச்சிக்கு இருக்கும் குறை ஒன்றுதான்: அது நேராக நிற்பது. பல்லின் வெளிப்பக்கத்தை அது நன்றாகத் துலக்கும். நாப் பக்கத்தையும் கடைவாய்ப் பற்களின் பின்புறத்தையும் எட்டுவது கடினம். அதிகாலையிலே குச்சியை வாயில் வைத்துக்கொண்டு வயல் வரம்பில் அரைமணி நேரம் நடந்த நமது முன்னோருக்குப் பொழுதும் இருந்தது. பள்ளிக்கூட வான் சத்தம் கேட்டபின் வாயைக் கழுவும் பிள்ளைக்கு அஃதில்லை.

தூரிகையின் அருமையை வன்னி மக்கள் இன்னொரு வகையிலும் அறிவர். 2009இல் செட்டிகுளத்து முகாம்களிலே, நிவாரணப் பொதியில் ஒரே நிறத்தில் வந்த தூரிகைகள் ஒருவருடையது ஒருவருக்கு மாறிவிடாதிருக்க, கைபிடியிலே வெவ்வேறு நிற நூல் கட்டி வைத்த குடும்பங்களை நாம் அறிவோம். குடிக்க நீருக்கு வரிசையில் நின்ற காலத்திலும் அந்த நூலைக் கட்ட மறவாத தாய்மார்களுக்குச் சுகாதாரம் கற்பிக்க நாம் யார்?

நமது வாயிலே ஒரு பரிசோதனை

பேராதனையிலே பல்மருத்துவம் பயின்ற நமது பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, படலத்துக்குச் சாயமேற்றும் சிவப்பு வில்லைகள் சிலவற்றைக் கொணர்ந்து தந்தார். தட்டை இழையுள்ள வயிரத் தூரிகை ஒன்று, ஏற்றத்தாழ்வான நடுத்தரத் தூரிகை ஒன்று, குறுக்கிழையுள்ள விலைகூடியது ஒன்று, மலிவான மென்மைத் தூரிகை ஒன்று, முற்றத்து வேம்பிலே முறித்த குச்சி ஒன்று, ஆக ஐந்தையும் ஐந்து மாலைகளிலே பரீட்சித்தோம். துலக்குவது; பின்னர் வில்லையைச் சப்பி உமிழ்வது; கண்ணாடி முன்னே மின்சூளைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளப்பது. வீட்டார் சிரித்ததை எழுதவும் வேண்டுமோ? ஒரு மனிதன் வாயில் ஐந்து நாட் செய்ததை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். ஆயினும் கண்ணாற் கண்டது மறக்கவில்லை.

முன்பற்களின் வெளிப்பக்கம் ஐந்திலும் வெள்ளையாகவே இருந்தது. கண்ணாடியில் நாம் பார்ப்பதும் பிறர் பார்ப்பதும் அந்தப் பக்கம் மாத்திரமே. அதனாற்றான் எல்லாத் தூரிகையும் நல்ல தூரிகையாகத் தோன்றுகின்றது. கீழ் முன்பற்களின் நாப் பக்கம், மேற் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கம், பற்களின் இடுக்கு, முரசின் ஓரம் ஆகிய இடங்களில் சிவப்பு அப்படியே நின்றது. வலக் கையினால் துலக்குகின்ற நமக்கு வலப் பக்கத்திலேயே அதிகம் எஞ்சியிருந்தது வியப்பாயிற்று. கை திரும்புவது அங்கேதான் கடினம் போலும். வயிரத் தூரிகை முரசிலே இரத்தம் காட்டிற்று. முரசோரத்துச் சிவப்பையோ அது எடுக்கவில்லை. தடித்த இழை வளைந்து உள்ளே செல்லாது என்பதைப் பாஸ் அன்றே சொல்லியிருக்கிறார். விலைகூடிய குறுக்கிழைத் தூரிகை இடுக்குகளிலே சற்று நன்றாகச் செய்தது, மறுக்கவில்லை. ஆறாம் நாள் மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக இரண்டு நிமிடம், மலிவான மென்மைத் தூரிகையை முரசோரத்திற் சாய்த்து, ஒவ்வொரு பல்லாக உட்பக்கமும் வெளிப்பக்கமும் துலக்கினோம். அந்த ஐந்து நாளிலும் காணாத வெண்மை அன்று கண்டோம். இடுக்குகளில் மட்டும் சிவப்பு மிச்சம். அதற்கு நூலோ இடுக்குத் தூரிகையோதான் வேண்டும் என்று மாணவர் சொன்னார்.

இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். வழக்கமாக நாம் துலக்குவது முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றது. நேயர்களும் ஒரு முறை மணிக்கூட்டை வைத்துப் பார்க்கலாம்.

எனவே கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியது மென்மையான இழை. தலை சிறிதாயிருக்கட்டும், பிள்ளைக்கு இன்னும் சிறிது. அட்டையிலே 'சொஃப்ற்' என்று எழுதியிருக்கும். 'ஹாட்' என்றிருப்பது எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். இழைகள் பூவிதழ்போல் வெளியே விரிந்துவிட்டால் தூரிகையின் ஆயுள் முடிந்தது. மூன்று மாதத்தில் பெரும்பாலும் அந்நிலை வரும். ஒரு மாதத்திலேயே விரிந்தால் அழுத்தம் மிகுதி என்று கொள்க. இரவு படுக்கைக்கு முன் துலக்குவதைக் காலைத் துலக்கலிலும் முக்கியமாகக் கொள்ள வேண்டும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதனால் படலத்துக்கு அதுவே விருந்துக் காலம். ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் கைக்குத் தூரிகையைக் கொடுத்துவிட்டு நாம் போய்விடலாகாது. பெரியவர் ஒருவர் முடித்து வைக்க வேண்டும். புளோரைட்டுப் பற்பசை சொத்தையைத் தடுப்பதனால் அதனைக் கைவிடத் தேவையில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவும், ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவும் போதும். விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். விளம்பரப் படத்திலே இழையின் நீளம் முழுவதும் அலை அலையாகப் பசை போடுவதைப் பார்த்துப் பிள்ளைகளும் அவ்வாறே செய்கின்றனர். கிணற்றிலேயே புளோரைட்டு மிகுந்த ஊர்களில் இதிலே இரட்டைக் கவனம் வேண்டும்.

கொதிக்க வைத்த நீரிலும் புளோரைட்டு நீங்குவதில்லை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டார் தமது கிணற்று நீரைச் சோதிப்பித்துப் பார்ப்பதும், அளவு மிஞ்சியிருந்தால் குழந்தை குடிப்பதற்கேனும் மழை நீரையோ சுத்திகரிப்பு நிலையத்து நீரையோ கொள்வதும் நலம்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் அந்த அம்மையாரின் வீட்டுக்குப் போனோம். பையனிடம் வகுப்பிலே சொன்னதற்காக வருத்தம் தெரிவித்தோம். மறுநாள் வகுப்பிலேயும், கிணற்றையும் பல்லையும் கரும்பலகையிற் கீறி, எல்லோருக்கும் விளக்கினோம். அவ்வகுப்பில் இன்னும் நால்வர் மெல்லத் தத்தம் உதட்டைத் தடவிப் பார்த்ததைக் கண்டோம். பையன் கையை உடனே எடுத்துவிடவில்லை. ஒரு தவணை முழுவதும் சென்றது.

அம்மையாருக்கு இரண்டு வயதிலே ஒரு பெண் குழந்தையும் இருந்தது. அதனைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் நாட்களிலே என்ன குடிக்கக் கொடுப்பது என்பதுதான் அவருக்கு அன்று பெரிய கேள்வி. தூரிகையைப் பற்றிய நமது பிரசங்கத்தைப் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "மாரிக்கு முன்னம் அம்மா வீட்டுக் கூரைக்குப் பீலி அடிச்சுப்போட வேணும் சேர்" என்றார். அந்த வயிரத் தூரிகை, பையனுடைய சைக்கிள் சங்கிலி துடைக்கப் போய்விட்டதாகவும் சொன்னார்.